தம்பியின் நெருப்பு

பாக்த்ரா ஆளுநர் மாளிகையில் இருக்கும் அன்புத் தங்கை வர்தாவுக்கு,

ஹக்மதானா அரண்மனையிலிருந்து உன் அண்ணன் விஷ்தானா சொல்ல, எழுத்தர் நபு எழுதுவது. அஹுரமஸ்தா உனக்கும் உன் வீட்டுக்காரர் அஸ்பக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல உடம்பும் மனத்தெம்பும் தரட்டும். இங்கே அம்மா நலம். குதிரைகள் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை.

நீ அனுப்பிய உலர்ந்த முலாம்பழக் கீற்றுகள் வந்து சேர்ந்தன. வழியில் தூசி பட்டிருந்தாலும் இனிப்பு குறையவில்லை. ஆனால் என் வாய்க்கு எட்டியது கொஞ்சம்தான். மீதியை அம்மா துணியில் சுற்றி, "இது தீரிக்கு உசுரு, அவன் வந்ததும் குடுக்கணும்" என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பேரரசனாகிவிட்ட நம் தம்பி பழக் கீற்றுக்கா ஏங்கிக் கிடக்கிறான்? அவன் பந்திக்கு ஒரு நாளில் அறுக்கிற ஆடுகளை வைத்து ஒரு ஊரே விருந்து சாப்பிடலாம். இதைச் சொன்னால், "நீ பெரியவன்டா, விட்டுக் குடு" என்கிறாள். எனக்குத் தாடி நரைத்துவிட்டது வர்தா. இன்னும் விட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி போருக்குப் போகும்போது வீட்டையும் நெருப்பையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனானாமே, சந்தோஷமா அண்ணா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இப்படிக் கேட்க உனக்கே நன்றாக இருக்கிறதா? கதுசி மலைக்காரர்களை அடக்க அவன் படையோடு கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். எல்லார் முன்னாலும் என் தோளில் கை வைத்து, "என் நெருப்ப உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேண்ணா, பாத்துக்கோ" என்றான். கூடி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னை வீட்டுக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போகிறான், அதற்கும் ஊர் அவனைத்தான் மெச்சுகிறது. அவனுக்குக் குதிரை ஏறக் கற்றுக் கொடுத்ததே நான். இது இப்போது யாருக்கு நினைவிருக்கிறது?

அந்த நெருப்பு அவன் முடிசூடிய அன்று ஏற்றியது. அவனுக்கு மூச்சு இருக்கிறவரை அது எரிய வேண்டும். அவன் மூச்சு நின்றால் அதைச் சாம்பலால் மூடி, நாடு முழுக்க அடுப்புகூடப் பற்ற வைக்காமல் துக்கம் காக்க வேண்டும். தினமும் காலையில் நீராடிவிட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, தம்பியின் உயிர் ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். நன்றாகத்தான் எரிகிறது.

இந்த இடத்தில் நபு நாணல் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். எழுது என்றேன். "எழுதுறேங்க. ஆனா என் கையெழுத்து அரண்மனையில எல்லாருக்கும் தெரியுமுங்க" என்கிறான். பாபிலோன்காரனுக்குத் தன் கழுத்தின்மேல் அவ்வளவு அக்கறை.

நீயே சொல், எனக்கு என்ன குறை? அதே அப்பா, அதே அம்மா. அப்பா வர்கானாவில் சாதாரண ஆளுநராக இருந்தபோது, மழை ஒழுகுகிற வீட்டில் நான் பிறந்தேன். நீயும் அங்கேதான் பிறந்தாய். பிறகு அப்பாவுக்கு முடி கிடைத்தது. சூசா அரண்மனையில், முரசு முழங்க, தீரி பிறந்தான். அப்பா கண்ணை மூடியதும் சட்டம் தெரிந்த பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, மூத்தவன் ஆளுநருக்குப் பிறந்தவன், இளையவன்தான் மன்னருக்குப் பிறந்தவன், ஆகவே இளையவனுக்கே முடி என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அப்பா ஒரே ஆள்தான் என்று நான் கத்தினேன். "அது சரிங்க இளவரசே, ஆனா ஒரே பதவி இல்லியே" என்றார் ஒருவர். அந்த ஆள் செத்து வருடக்கணக்காகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முடிசூட்டுக்கு அவன் முன்னோரின் பழைய அங்கியைப் போட்டுக்கொண்டான். தோள் பக்கம் அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. எனக்கென்றால் கச்சிதமாக இருந்திருக்கும். வழக்கப்படி அத்திப்பழ அடையைத் தின்று, புளித்த பாலைக் குடிக்க வேண்டும். கிண்ணத்தை நீட்டியவன் நான். அந்தப் பால் நன்றாகவே புளித்திருந்தது. அவன் முகம் கோணியதைப் பார்த்து அன்றைக்கு எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அதன் பிறகு இத்தனை வருட ஆட்சியில் அவன் முகம் கோணி நான் பார்த்ததில்லை. தொட்டதெல்லாம் துலங்கியது. சூசாவில் வெள்ளம் வந்து பயிர் அழிந்த வருடம் அரண்மனைத் தானியக் கிடங்கைத் திறந்துவிட்டானே, இன்றைக்கும் உழவர்கள் பிள்ளைகளுக்கு அவன் பெயர் வைக்கிறார்கள். கிடங்கைத் திற என்று சொன்னது யார்? நான். பாபிலோன் கலகத்துக்குப் பிறகு கோயில்களைத் தொடாதே, பூசாரிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடு என்று சொன்னது யார்? அதுவும் நான்தான். நபு தலையாட்டுகிறான், பார். அவன் ஊர்க்காரர்கள் தீரிக்குத்தான் வாழ்த்துப் பாடுகிறார்கள்.

அந்தச் சிங்க வேட்டையை உனக்கு எழுதினேனா? சிங்கம் என் முகத்துக்கு நேரே நின்றது. அதன் மூச்சு என் மேல் பட்டது. மன்னர் ஈட்டி எறிவதற்குமுன் வேறு யாரும் எறியக்கூடாது. ஆகவே நான் ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வரும்வரை சிங்கத்தோடு முகம் பார்த்து நின்றேன். அவன் மெதுவாக வந்து முதல் ஈட்டியைத் தவறவிட்டான், அடுத்ததில் வீழ்த்தினான். இப்போது அரண்மனைச் சுவரில் அந்தக் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அவன் இருக்கிறான், சிங்கம் இருக்கிறது. நான் இல்லை.

எனக்குப் பொறாமை என்று நீ சொல்வாய். ஆமாம், பொறாமைதான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? குளிர் தொடங்குமுன் உன் மூத்த மகளின் கல்யாணத்தை முடித்துவிடு. பையனுக்கு அடக்கம் போதாது என்று எழுதியிருந்தாய். அடக்கமாக இருந்து நான் என்ன கண்டேன்? உனக்கும் உன் வீட்டுக்கும் நல்ல மழையும் நிறைந்த கிடங்கும் அமையட்டும்.

உன் அண்ணன்
விஷ்தானா


தங்கை வர்தாவுக்கு,

அஹுரமஸ்தா உன்னைக் காக்கட்டும். இதை உட்கார்ந்து படி. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் படி. என் அறை வாசலில் காவல் நிற்கிறது. நபுவை மட்டும் உள்ளே விட்டார்கள். அவன் வாசலைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறான், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மலையிலிருந்து ஓர் அஞ்சல் வீரன் வந்தான். பனிமூட்டத்தில் கதுசிகள் பாய்ந்தார்களாம், படை சிதறிவிட்டதாம். மன்னரின் குதிரை மட்டும் முகாமுக்குத் திரும்பி வந்தது, சேணம் முழுக்க ரத்தம், நானே கண்ணால் பார்த்தேன் என்றான். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

நெருப்பைக் காக்கும் குரு பாகயாதா என் பக்கத்தில் நின்றார். அவர் நிதானமாக, "இளவரசே, உடம்பு வரணும், இல்ல முத்திரை மோதிரம் வரணும். வெறும் குதிரைக்கு நெருப்ப மூடக் கூடாதுங்க" என்றார். வழக்கம் எனக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். ஆனாலும் மூடச் சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். இங்கே எல்லாரும் எனக்கு அரியணை ஆசை என்கிறார்கள். இல்லை. அவன் மகன் சூசாவில் இருக்கிறான், அவன்தான் மன்னருக்குப் பிறந்தவன், நான் எந்தக் காலத்திலும் ஏற முடியாது. வேறொன்றுதான் வர்தா. தீரி இல்லாத ஊரில் ஒரு வேளையாவது இருந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. யாரும் யாரோடும் என்னை ஒப்பிடாத ஒரு வேளை. அந்த வீரன் அழுதபோது என் வயிற்றுக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. அது துக்கம் இல்லை.

குரு மறுத்தார். நான்தான் மண்வெட்டியை வாங்கிச் சாம்பலை அள்ளிப் போட்டேன். மேலே புகை அடங்கியதும் முரசு கொட்டினார்கள். ஊரில் ரொட்டிக்காரன் அடுப்பை மூடினான், கொல்லன் உலையை மூடினான். ஆண்கள் தாடியை வெட்டிக்கொண்டார்கள். லாயத்தில் குதிரைகளுக்குப் பிடரி மயிரைக் கத்தரித்தார்கள். அம்மா மட்டும் கூந்தலில் கத்தரிக்கோல் வைக்க விடவில்லை. என் எதிரில் வந்து நின்று, "உனக்கு என்னடா அவ்ளோ அவசரம்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நீ நம்ப வேண்டும். என் தாடியை நானே வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. ஊருக்காக அழும் அழுகை இல்லை. மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அவனுக்கு முதல் குதிரையைப் பிடித்துக் கொடுத்தபோது, "கீழ விழுந்தா நீ புடிச்சுக்குவல்லண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினான். காலையில் அவன் மேல் சாம்பல் போட்டது நான்தான், அவனுக்காக அப்படி அழுததும் நான்தான்.

ஊரே ஆறிப்போன ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது அவன் வந்துவிட்டான்.

பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை முறிந்திருக்கிறது. மலை இடையர்கள் தூக்கிப் போய்க் குடிசையில் வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கோவேறு கழுதை மேல், இடையனின் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மேட்டில் ஏறி நின்று தன் ஊரைப் பார்த்திருக்கிறான். ஒரு கூரையிலும் புகை இல்லை. கூட வந்தவர்களிடம், "யாரு செத்தாங்க?" என்று கேட்டானாம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். பிறகு அவனே, "ஓ, நான்தானா" என்றானாம்.

வாசலில் அவனைப் பார்த்தவர்கள் பேயைப் பார்த்ததுபோல் ஒதுங்கினார்கள். அவன் நேராக என்னிடம் வந்தான். என் மொட்டை முகவாயைப் பார்த்து, "தாடி எங்கண்ணா?" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவன் காலில் விழவும் தோன்றியது, ஏன்டா திரும்பி வந்தாய் என்று கேட்கவும் தோன்றியது.

இப்போது நிலைமை இதுதான். ஒரு மன்னருக்கு ஒரே நெருப்பு. அது மூடப்பட்டால் ஆட்சியும் முடிந்தது, இன்னொன்று ஏற்ற வழக்கமில்லை என்று குருமார்கள் சொல்கிறார்கள். மூச்சோடு இருக்கும் மன்னர் செத்தவர் கணக்கில் இருக்கிறார். அரண்மனைக்குள் நுழையாமல் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறான், அங்கேயே ஆறிய உணவைத் தின்கிறான். உயிரோடிருக்கும் மன்னரின் நெருப்பை மூடியவனுக்குத் தண்டனை சாம்பல் குழி. அதை மன்னரும் மாற்ற முடியாது. சட்டம் தெரிந்த பெரியவர்கள் கூடப் போகிறார்கள்.

அவனுக்கு உடனே எழுது. சின்ன வயதிலிருந்து உன் பேச்சை அவன் தட்டியதில்லை. குழி என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. சாம்பலுக்குள் மூச்சு முட்டிச் சாவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இன்னொன்று, அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் காலடி படும் இடமெல்லாம் நலமாக இருக்கட்டும் தங்கையே. விரைவாக எழுது.

விஷ்தானா


அன்புத் தங்கை வர்தாவுக்கு,

உன்னையும் உன் வீட்டையும் அஹுரமஸ்தா காக்கட்டும். நான் உயிரோடு இருக்கிறேன். வாசலில் காவல் இல்லை. தீரியின் நெருப்பு மறுபடியும் எரிகிறது. அவன் மறுபடியும் மன்னன். ஊர்க் கூரைகளில் புகை கிளம்பிவிட்டது. இத்தனையும் எப்படி நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன்.

பெரியவர்கள் முன்றிலில் கூடினார்கள். கைகளைக் கட்டி என்னை நடுவில் நிறுத்தினார்கள். தீரி செத்தவன் கணக்கில் இருந்ததால் அவனுக்கு இருக்கை போடவில்லை, ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றான். என்னைக் கேட்டார்கள். நெருப்பை மூடியது நான்தான் என்றேன். உடலோ முத்திரையோ வந்ததா என்றார்கள். வரவில்லை என்றேன். அதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அப்போது அம்மா வந்தாள்.

போர்வைக்கு அடியில் தன் வெள்ளித் தூபக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அது தீரியின் நெருப்பிலிருந்து ஏற்றியது, உனக்கு ஞாபகம் இருக்கும். குருவின் முன்னால் வைத்துச் சாம்பலை விரலால் விலக்கினாள். உள்ளே ஒரு கங்கு சிவந்து கிடந்தது. "தீரியோட நெருப்பு அணையல. இத்தன நாளும் குச்சி போட்டு நான் வச்சிருந்தேன்" என்றாள்.

எல்லாரும் தரையில் விழுந்து வணங்கினார்கள். பாகயாதா குழந்தைபோல் அழுதார். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? எனக்கென்று ஒரு கங்கை இவள் இப்படிக் காத்திருப்பாளா என்று தோன்றியது. தாழ் போட்டுக்கொண்டு உள்ளே அவள் செய்தது இதுதானா, அவனுக்காகத்தானா என்று பற்றிக்கொண்டு வந்தது. சாகப் போகிற நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போகிறது, என்ன செய்ய?

பெரியவர்களில் ஒருவர், கங்கு பிழைத்ததால் ஆட்சி பிழைத்தது, ஆனால் மூடியவனின் குற்றம் குற்றம்தான் என்றார். அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "இந்தக் கங்க எனக்கு எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனச்சீங்க? பெரியவன்தான். ஊரு பாக்க மேல சாம்பலப் போட்டுட்டு, ஒரு கங்க முன்னாலயே எங்கிட்ட குடுத்து வச்சான். மலைக்காரங்களோட ஒற்றனுங்க ஊருக்குள்ள இருந்தாங்க. தீரி செத்துட்டான்னு அவனுங்க நம்பி, தேடறத விடணும்னு இப்படிச் செஞ்சான்" என்றாள்.

நான் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை வர்தா.

பொய்யைவிடப் பெரிய அழுக்கு இல்லை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். பால் கொட்டியதற்கு நீ பூனைமேல் பழி போட்டாய் என்று உனக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு போடாதவள். நான் அறிந்து வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாதவள், பேரவை நடுவில், நெருப்பின் முன்னால், கண் இமைக்காமல் சொன்னாள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவள் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பதில் ஊருக்கு அவ்வளவு உறுதி. என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

இப்போது கடைத்தெருவில் நான் போனால் வழிவிட்டு வணங்குகிறார்கள். தம்பியின் உயிரைக் காத்த மூத்தவராம். ரொட்டிக்காரன் காசு வாங்க மாட்டேன் என்கிறான். பிறந்ததிலிருந்து நான் கேட்க ஏங்கிய பேச்செல்லாம் இப்போது காதில் விழுகிறது. கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

ஒரு மாலை தீரி தனியாக என் முற்றத்துக்கு வந்தான். கட்டுப் போட்ட கையோடு, வாதுமை மரத்தடியில், எனக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். "நீ குடுக்கலன்னு எனக்குத் தெரியும்ணா" என்றான். நான் வாய் திறக்குமுன், "நான் கேக்கல. கேட்டா நீ உள்ளதச் சொல்லியாகணும். சொன்னா சட்டம் என் கையில இல்ல. அதனால கேக்கவே மாட்டேன்" என்றான். எனக்குப் பற்றி எரிந்தது. இதிலுமா பெருந்தன்மை? இதிலும் அவனே ஜெயிக்க வேண்டுமா?

பிறகு அவன் குனிந்தான். தரையில் கிடந்த வாதுமைத் தோட்டை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தான். "எனக்காக அம்மா ஒரு கங்கத்தான் வச்சிருந்தா. உனக்காகப் பொய் சொன்னா. எனக்காக அவ ஒரு நாளும் ஒரு பொய் சொன்னதில்லண்ணா" என்றான். நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகி, கண் வேறு பக்கம் போய், ஏதோ கேட்கப் போகிறவன்போல் இருந்தான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் சுமந்துகொண்டு திரிந்த முகம்தான் அது.

ஒளிக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பேரரசனுக்கு என்மேல் பொறாமை. இதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன்.

ஆனால் அம்மா படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, சாப்பாடு மட்டும் வேண்டாம் என்கிறாள். நீ அனுப்பிய பழக் கீற்றைக் கரைத்துக் கொடுத்தேன், அதையும் தள்ளிவிட்டாள். கட்டிலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பணிப்பெண்தான் சொன்னாள், தூக்கத்தில், "கால் வைக்க எடமில்லயே, எடமில்லயே" என்று முனகுகிறாளாம். செத்தபின் கடக்கும் பாலம், பொய் சொன்னவர் காலடியில் கத்தி விளிம்பாகக் குறுகிவிடும் என்று நம்மைப் பயமுறுத்துவாளே, அந்தப் பாலம்தான். பகலில் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டாள். சொன்னால் எனக்கு உறுத்தும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

பாகயாதாவிடம் போய், பெயர் சொல்லாமல், ஒருவர் நாக்கில் விழுந்த பொய்யை எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "யாருக்காகச் சொன்னாங்களோ அந்த ஆளே, கேட்டவங்க எல்லாருக்கும் முன்னால நின்னு உள்ளதச் சொல்லணுமுங்க. சொன்னா அது அவங்கள விட்டு எறங்கிரும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "அவசரப்படாதீங்க இளவரசே" என்றார். நெருப்பை மூடும்போதும் வேறு சொல்லில் இதையேதான் சொன்னார், பாவம்.

நாளை மறுநாள் தீரியின் பிறந்தநாள் விருந்து. மன்னர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும் அந்த நாளில், வந்தவர் யார் எதைக் கேட்டாலும் அவர் இல்லை என்று சொல்லக்கூடாது. ஒருவருக்கு ஒரு வரம்தான். அன்று பேரவையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் விருந்துக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, கங்கை நான் கொடுக்கவில்லை, நெருப்பைப் பொறாமையில் மூடினேன் என்று சொல்லப்போகிறேன். எனக்குள்ள ஒரு வரத்தை அம்மாவுக்காகக் கேட்கப்போகிறேன். அவள் சொன்னதைப் பொய் என்று இந்த நாட்டில் யாரும், எந்தக் காலத்திலும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, அவளை யாரும் விசாரிக்கக்கூடாது, இதுதான் நான் கேட்கப்போவது. குழியிலிருந்து தப்ப வேறொன்று கேட்க எனக்கு உரிமை இருக்காது.

அவன் தந்துவிடுவான். தலை குனிந்து தருவான். மன்னர் எப்பேர்ப்பட்டவர் என்று ஊர் மறுபடியும் மெச்சும். மெச்சட்டும். ஆனால் அன்று ராத்திரி அவன் எந்த அறையில் போய் அழுவான் என்று எனக்குத் தெரியும். கூட உட்கார ஆள் இருக்காது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து வந்து இன்னொரு பொய் சொல்லுவாள். நீயும் இதைத் தடுக்க முடியாது. இந்தக் கடிதம் எத்தனை வேகமான குதிரையில் வந்தாலும் விருந்து முடிந்த பிறகுதான் உன் கைக்குக் கிடைக்கும். அது தெரிந்துதான் இன்றைக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் குதிரைகளை உன் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளட்டும். நபு உன்னிடம் வந்து வேலை கேட்டால் கொடு. வாயாடி, ஆனால் நல்லவன். இப்போது அழுதுகொண்டே எழுதுகிறான், இந்த எழுதுதோலில் மை பரவியிருக்கும். மலைப்பாதை அடைபடுமுன் நீ புறப்பட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் இரு. சாப்பிடத் தொடங்கியிருப்பாள், மெதுவாக ஊட்டு.

தீரிக்கு அடிக்கடி எழுது. அவன் எதையும் வெளியே காட்டிக்கொள்ளமாட்டான், நீதான் துருவிக் கேட்க வேண்டும். அவன் சிடுசிடுத்தால் பொறுத்துப் போ, எதற்காவது அடம் பிடித்தால் விட்டுக் கொடு. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் அமையட்டும் வர்தா. இனி அவனுக்கு மூத்தவள் நீதான்.

விஷ்தானா